அடிமாட்டு விலையும் டொமைன் பேரமும்

2004 ஜனவரியில் கனடாவைச் சேர்ந்த மைக் ரோ என்ற பதினேழு வயது மாணவனின் பெயர் உலகப் பத்திரிகைகளில் அடிபட்டது. வலைத்தளங்கள் வடிவமைத்துக் கொடுத்துவந்த அவன், தன் பெயரோடு ‘சாஃப்ட்’ என்று சேர்த்து ஒரு டாட் காம் டொமைனைப் பதிவு செய்திருந்தான். வாய்விட்டுச் சொன்னால் அது மைக்ரோசாஃப்ட் என்றே ஒலிக்கும். அந்த நிறுவனத்தின் வழக்கறிஞர்கள் டொமைனைத் தங்களுக்கு மாற்றித் தரச் சொல்லி, பதிவுச் செலவுக்காகப் பத்து டாலர் தருவதாக எழுதினார்கள். பையனுக்குச் சுருக்கென்றது. பத்தாயிரம் டாலர் கொடுங்கள் என்று திருப்பி எழுதினான். அடுத்து வந்தது 25 பக்க வக்கீல் கடிதம். கெட்ட எண்ணத்தோடுதான் பெயரைப் பதிவு செய்தான் என்று வாதாட அந்தப் பத்தாயிரமே அவர்களுக்குக் கைகொடுத்தது. செய்தி வெளியே வந்து ஊர் முழுக்கப் பையன் பக்கம் நின்றதால், ஒரு எக்ஸ்பாக்ஸ், பயிற்சி வகுப்பு என்று சிலவற்றைக் கொடுத்துச் சமரசமாக முடித்துக்கொண்டார்கள்.

டொமைன் வாங்கி விற்பதைத் தொழிலாகவோ பக்கத் தொழிலாகவோ செய்கிறவர்களுக்கு அந்தப் பத்து டாலர் கடிதம் புதிதல்ல. ஈராயிரம் டாலர் பெறும் என்று நினைத்து வைத்திருக்கும் பெயரை ஐம்பதுக்குக் கேட்பார்கள். “நான் மாணவன், சின்ன முயற்சி, என்னிடம் அவ்வளவுதான் இருக்கிறது” என்று ஒரு கடிதம் வரும். “கடைசி விலை என்ன?” என்ற மூன்றே சொல்லோடு இன்னொன்று வரும். இதற்கு என்ன பதில் எழுதுவது என்பதில் இந்தத் தொழிலில் கால் நூற்றாண்டாகச் சண்டை ஓயவில்லை. பதிலே போடாதே, நேரம் வீண் என்பவர்கள் ஒரு பக்கம். சுளீரென்று பெரிய தொகையைச் சொல்லி வாயை அடை என்பவர்கள் இன்னொரு பக்கம். எந்த விலைக்குக் கேட்டாலும் மரியாதையாகப் பதில் எழுது, பேரம் தானாக ஏறும் என்பது மூன்றாவது கட்சி. மூன்று கட்சிகளிடமும் வெற்றிக் கதைகள் உண்டு. ஆகவே கதைகளை வைத்து இதைத் தீர்க்க முடியாது.

விற்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவே இத்தனை பெரிய பள்ளம் ஏன் விழுகிறது என்று முதலில் பார்க்கலாம். முதல் டாட் காம் பெயரான சிம்பாலிக்ஸ் 1985 மார்ச்சில் பதிவானது. பத்தாண்டுக் காலம் பதிவுக்குக் கட்டணமே இல்லை. 1995 செப்டம்பரில்தான் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டு ஆண்டுக்கு 100 டாலர் என்று வசூலிக்கத் தொடங்கியது. இன்றைக்கு டாட் காமை நிர்வகிக்கும் வெரிசைன் ஒரு பெயருக்கு ஆண்டொன்றுக்கு வாங்கும் மொத்த விலை, 2024 செப்டம்பரில் உயர்த்தியபின், 10 டாலர் 26 சென்ட். வாங்க வருபவர் கண்ணில் படுவது இந்த எண். “பத்து டாலர் சரக்குக்கு ஐந்து மடங்கு தருகிறேனே, இன்னும் என்ன?” என்று அவர் உண்மையாகவே நினைக்கிறார். விற்பவர் கண்ணில் நிற்பதோ 2019-ல் மைக்ரோஸ்ட்ராட்டஜி நிறுவனம் வாய்ஸ்.காமை 3 கோடி டாலருக்கு விற்ற செய்தி. இரண்டும் மெய்யான எண்கள்தான். தன் கையிலுள்ள பெயர் இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்கிறது என்பது இருவருக்குமே தெரியாது.

தெரிந்துகொள்ளும் வழியும் குறைவு. நேம்பயோ போன்ற தளங்கள் பழைய விற்பனைகளைத் தொகுத்து வைத்திருக்கின்றன. ஆனால் பெரிய விற்பனைகள் பலவும் ‘வெளியே சொல்லக் கூடாது’ என்ற ஒப்பந்தத்தோடு முடிகின்றன. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவதைப் போல, சுற்றி நிற்பவனுக்குக் கை அசைவது தெரியும், தொகை தெரியாது. போதாததற்கு கோடாடி போன்ற நிறுவனங்கள் கணினி வழியாகத் தானாக மதிப்பிட்டுச் சொல்லும் விலை ஒன்று இருக்கிறது. குறைவாக வந்தால் வாங்குபவர் அதைத் தூக்கிக்கொண்டு வருவார், கூடுதலாக வந்தால் விற்பவர் தூக்கிக் காட்டுவார். யாரும் அதை நம்பி முடிவெடுத்து நான் பார்த்ததில்லை.

பொருளாதார அறிஞர்கள் மையர்சனும் சாட்டர்த்வெய்ட்டும் 1983-ல் நிறுவிய ஒரு தேற்றம் இங்கே அப்படியே பொருந்தும். வாங்குபவரின் மதிப்பு விற்பவருக்கும், விற்பவரின் மதிப்பு வாங்குபவருக்கும் தெரியாத இடத்தில், இருவருக்கும் லாபம் தரக்கூடிய வியாபாரங்களிலும் சில முறிந்தே தீரும். எந்தப் பேர முறையாலும் அதை முற்றிலும் தடுக்க முடியாது. படியாத பேரமெல்லாம் யாரோ ஒருவரின் முட்டாள்தனத்தால்தான் என்று எண்ணிக் குமைகிறவர்கள் இதைப் படித்தால் ஆறுதலடையலாம்.

கேட்பவர் யார் என்பதுதான் அடுத்த கேள்வி. என் பார்வையில் எல்லாக் கேள்விகளையும்விட இதுவே பெரிது. அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்கள் எல்லாரும் ஒரே ஆள் அல்ல. புதிதாகத் தொழில் தொடங்கும் ஒருவர், டொமைன் என்றாலே பத்து டாலர் என்று மட்டும் அறிந்தவர், நூறு டாலர் என்று எழுதுவார். அவருக்குப் பெயர் உண்மையிலேயே வேண்டும். இன்னொருவர் விற்பவரைப் போலவே வாங்கி விற்கிறவர். மொத்த விலைக்குக் கேட்கிறார், அதற்கு மேல் ஒரு காசு ஏற மாட்டார். மூன்றாமவர் ஒரு பெரிய நிறுவனத்துக்காக வரும் தரகர். ‘என் கட்சிக்காரர்’ என்று மட்டும் சொல்வார், பெயரை மூச்சு விட மாட்டார், முதல் எண் எப்போதும் சின்னது. நான்காவது, ஆயிரம் பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பி யாராவது சிக்குவார்களா என்று பார்க்கும் கூட்டம். ஐந்தாவது வகை அரிது, ஆனால் ஆபத்தானது: விலையைச் சொல்ல வைத்து அதைப் பின்னால் வழக்கில் காட்டுவதற்காகவே கேட்பவர்.

முன்பெல்லாம் யார் எந்தப் பெயரை வைத்திருக்கிறார் என்பதை ஹூயிஸ் பதிவேட்டில் பார்த்துவிடலாம். 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் அந்த விவரங்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டுவிட்டன. அதனால் இருபுறமும் முகமூடி. ஆனாலும் வாங்குபவரின் மின்னஞ்சல் முகவரி, அதே பெயர் வேறு நீட்சிகளில் யாரிடம் இருக்கிறது, அந்தச் சொல்லில் அண்மையில் பதிவான நிறுவனம் எது என்று தேடினால் பாதி முகம் தெரிந்துவிடும். ஒருவர் ஏற்கெனவே ‘கெட்’ என்று முன்னால் ஒட்டிய முகவரியில் தொழில் நடத்துகிறார் என்றால் அவர் நூறு டாலருக்குக் கேட்பது அவருடைய கடைசி எண்ணாக இருக்காது. ட்ராப்பாக்ஸ் தொடக்கத்தில் அப்படிப்பட்ட முகவரியில்தான் ஓடியது. பிறகு சொந்தப் பெயரைப் பெற்றுக்கொண்டது.

இப்போது கணக்குக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் புழங்கும் ஒரு பொது மதிப்பீடு: கையிருப்பில் நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பெயர்கள்தான் ஓர் ஆண்டில் விற்கும். ஒருவரிடம் 300 பெயர்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். புதுப்பிப்புக் கட்டணம் பெயருக்குப் பதினொன்று, பன்னிரண்டு டாலர். ஆண்டுக்குச் சுமார் 3,500 டாலர் போகிறது. நூற்றுக்கு ஒன்று விற்றால் மூன்று பெயர். போட்ட முதலைக் கணக்கில் எடுக்காமல், புதுப்பிப்புச் செலவை மட்டும் மீட்கவே ஒவ்வொரு விற்பனையிலும் சுமார் 1,170 டாலர் கைக்கு வர வேண்டும். சந்தைத் தளங்கள் பெரும்பாலும் 10 முதல் 25 விழுக்காடு வரை கமிஷன் எடுக்கின்றன. 20 விழுக்காடு என்று கொண்டால் விற்கும் விலை 1,460 டாலருக்குக் கீழே போகக் கூடாது. “ஐம்பது டாலருக்கு என்ன குறைச்சல், செலவழித்தது பத்துதானே?” என்பவருக்கு உண்மையான பதில் இதுதான். விற்ற பெயர் விற்காத நூறு பெயரின் சுமையையும் தூக்க வேண்டியிருக்கிறது. ஆனால் இந்தப் பதிலை வாங்குபவரிடம் சொல்லக் கூடாது. விற்பவரின் சுமை அவருடைய தலைவலி அல்ல.

இதே கணக்கை ஒற்றைப் பெயருக்குப் போட்டுப் பார்த்தால் விற்பவருக்குக் கொஞ்சம் கசக்கும். 2,500 டாலர் விலை குறித்த ஒரு பெயர். விற்றால் கைக்கு 2,000. ஓர் ஆண்டில் விற்க நூற்றில் ஒரு வாய்ப்பு. எதிர்பார்க்கத்தக்க வரவு ஆண்டுக்கு 20 டாலர், அதில் புதுப்பிப்புக்கு 12 போனால் மிச்சம் 8. பத்து விழுக்காடு வட்டியையும் விற்கும் வாய்ப்பையும் சேர்த்துக் கழித்தால், அந்தப் பெயரை வைத்திருப்பதன் இன்றைய மதிப்பு சுமார் 73 டாலர். ஆம், ஈராயிரத்து ஐந்நூறு என்று பலகை தொங்கும் சரக்கு. ஒருவர் 200 டாலருக்குக் கேட்டால் கணக்குப்படி கண்ணை மூடிக்கொண்டு கொடுத்துவிட வேண்டும்!

ஆனால் கேட்டவர் வந்துவிட்டார் என்பதே ஒரு செய்தி. நூற்றில் ஒன்று என்ற வாய்ப்பு, யாரும் கேட்காதிருந்த நேரத்துக்கு உரியது. வந்தவர் பெயரை உண்மையிலேயே பயன்படுத்தப் போகிறவர், அவர் 1,500 வரை ஏறி வர நூற்றில் பதினைந்து வாய்ப்பு உண்டு என்று கொள்வோம். கமிஷன் போக 1,200. பதிலுக்கு விலை சொல்லிப் பார்ப்பதன் மதிப்பு 180 டாலர். படியாமல் போனாலும் பெயர் கையில் இருக்கும், அதற்கு 62 டாலர். மொத்தம் 242. இருநூறை மறுத்துப் பேரம் பேசுவதே சரி. வந்தவர் வாங்கி விற்கிறவராக இருந்தால் ஏறி வரும் வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்யம். அப்போது 73-க்கு எதிரே 200 நிற்கிறது, கொடுத்துவிடலாம். ஒரே தொகை, ஒரே பெயர், ஆள் மாறியதும் முடிவு தலைகீழாகிறது. வாய்ப்பு விகிதங்கள் நான் எடுத்துக்கொண்டவை. அவரவர் அனுபவத்துக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். விகிதம் மாறினால் முடிவும் மாறலாம், ஆளைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும் என்பது மட்டும் மாறாது. ஒரு சொல் டாட் காம் போன்ற முதல் தரச் சரக்குக்கு இந்தச் சராசரிக் கணக்கு உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே மாற்றுப் பெயர் இல்லை, அவசரமும் இல்லை.

கணக்கு இத்தனை குளிர்ச்சியாக இருக்கும்போது கடிதம் வந்ததும் இரத்தம் ஏன் கொதிக்கிறது? 1982-ல் ஜெர்மனியில் பொருளாதார அறிஞர் க்யூத்தும் அவருடைய சகாக்களும் ஓர் ஆட்டத்தை வைத்துச் சோதனை செய்தார்கள். ஒருவர் ஒரு தொகையைப் பங்கு பிரித்துச் சொல்ல வேண்டும். மற்றவர் ஏற்றால் இருவருக்கும் கிடைக்கும், மறுத்தால் இருவருக்கும் ஒன்றுமில்லை. அதற்குப்பின் பல நாடுகளில் திரும்பத் திரும்ப நடந்த இந்தச் சோதனையில், இருபது விழுக்காட்டுக்குக் கீழே பங்கு சொன்னால் மனிதர்கள் அடிக்கடி மறுத்தார்கள். சும்மா வரும் பணத்தை வேண்டாம் என்று தள்ளினார்கள். அவமதிப்பைத் தண்டிக்க மனிதன் காசு கொடுக்கத் தயாராக இருக்கிறான். அடிமாட்டு விலைக்குக் கேட்டவரைத் திட்டிக் கடிதம் எழுதுபவர் செய்வதும் இதைத்தான். அதில் ஒரு நிறைவு உண்டு, மறுக்க மாட்டேன். அந்த நிறைவுக்கு என்ன விலை என்பது தெரிந்து செய்தால் சரி.

இன்னொரு பொறி நேர் எதிர்த் திசையில் இழுக்கிறது. உளவியலாளர்கள் டிவெர்ஸ்கியும் கானெமனும் 1974-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ஐ.நா. அவையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். சக்கரம் 10-ல் நின்றவர்கள் சொன்ன விடையின் நடு எண் 25, 65-ல் நின்றவர்களுக்கு 45. சக்கரத்துக்கும் ஐ.நா.வுக்கும் தொடர்பில்லை என்று தெரிந்தும் எண் ஒட்டிக்கொண்டது. நூறு டாலருக்குக் கேட்கும் அனுபவசாலித் தரகர் இதை நன்றாக அறிவார். ஈராயிரத்து ஐந்நூறு சொல்ல இருந்தவர் தானாகவே ஆயிரத்து இருநூறு என்று எழுதுவார். கோபத்தைவிட இந்தச் சத்தமில்லாத இறக்கம்தான் விற்பவர்களுக்கு அதிகப் பணத்தை இழக்க வைக்கிறது என்பது என் கருத்து.

இதற்கு மாற்று, எண்ணைக் கடிதம் வரும் முன்பே எழுதி வைப்பது. சொல்லும் விலை ஒன்று, இதற்குக் கீழே இல்லை என்ற விலை ஒன்று. அப்படி வைத்திருப்பவருக்குப் பதில் எழுதுவது ஐந்து நிமிட வேலை. “கேட்டதற்கு நன்றி. இந்தப் பெயரின் விலை 2,500 டாலர். பணத்தை, பெயர் கைமாறும்வரை நடுவில் பிடித்துவைக்கும் எஸ்க்ரோ சேவை வழியாகக் கட்டலாம், தவணையிலும் கட்டலாம். பணம் கட்டிய ஓரிரு நாளில் பெயர் உங்கள் கணக்குக்கு வந்துவிடும்.” இவ்வளவு போதும். ஏன் இந்த விலை என்ற விளக்கம் வேண்டாம், வாய்ஸ்.காம் எவ்வளவுக்குப் போனது என்ற பாடமும் வேண்டாம். ‘இன்னொருவரும் கேட்கிறார்’ என்ற பொய் மட்டும் கூடவே கூடாது. “அவருக்கே கொடுத்துவிடுங்கள்” என்று வாங்குபவர் சொன்னால் அடுத்த வரி எழுத முடியாது.

பதிலே போடாதே என்ற முதல் கட்சிக்கு வருகிறேன். ஆயிரக்கணக்கில் பெயர் வைத்திருந்து நாளுக்குப் பல கடிதம் வரும் பெருமுதலாளிகளுக்கு மௌனம் கட்டுப்படியாகலாம். ஐம்பது, நூறு பெயர் வைத்திருப்பவருக்கு அது ஆடம்பரம். ‘விலை கேட்கவும்’ என்று பலகை போட்டுவிட்டு, கேட்டவர் குறைவாகக் கேட்டார் என்று கோபிப்பதும் நியாயமில்லை. அடிமாட்டு விலைக் கடிதங்கள் வேண்டாமென்றால் கறார் விலையை வெளியே போட்டுவிடலாம், அல்லது இத்தனைக்குக் குறைவாகக் கேட்க முடியாது என்று தளத்திலேயே வரம்பு வைக்கலாம். செடோ, ஆஃப்டெர்னிக் ஆகிய சந்தைத் தளங்கள் இரண்டிலும் அந்த வசதி இருக்கிறது. கறார் விலை போட்டால் ஒரு பெரிய நிறுவனம் வந்து கேட்கும்போது ஏற்ற முடியாதே என்பது மறுவாதம். அது உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட நிறுவனம் தேடி வரக்கூடிய பெயர் எத்தனை பேரிடம் இருக்கிறது? சாதாரணப் பெயருக்கு விலைப்பலகை, அரிய பெயருக்குப் பேச்சு என்று பிரித்துக்கொள்வதே நடைமுறைக்கு ஒத்துவருகிறது.

தவணை முறைக்கு ஒரு தனி வார்த்தை. ‘என்னிடம் இருநூறுதான் இருக்கிறது’ என்பவர் பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி கிடையாது. மாதம் நூறு டாலர் வீதம் இருபத்தைந்து மாதம் என்றால், தொழில் தொடங்கும் உண்மையான ஆள் யோசிப்பார். மறுவிற்பனைக்காரர் காணாமல் போய்விடுவார்.

சட்டத்தின் பக்கம் விற்பவர்கள் பொதுவாகக் காட்டும் கவனம் போதாது. அமெரிக்காவில் டென்னிஸ் டோப்பன் என்பவர் பானாவிஷன் நிறுவனத்தின் பெயரைப் பதிவு செய்து வைத்துக்கொண்டு 13,000 டாலர் கேட்டார். 1998-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 1999-ல் டொமைன் பெயர்களை ஒழுங்குபடுத்தும் ஐகேன் அமைப்பு பெயர்த் தகராறுகளுக்காகக் கொண்டுவந்த யூ.டி.ஆர்.பி. விதிகள், வணிகமுத்திரை உரிமையாளருக்கே பதிவுச் செலவுக்கு மேற்பட்ட தொகைக்கு விற்பதை முதன்மை நோக்கமாகக் கொண்டு பதிவு செய்வதைக் கெட்ட எண்ணத்தின் சான்றாகக் கொள்கின்றன. அதே ஆண்டு வந்த அமெரிக்கச் சட்டம் ஒரு பெயருக்கு 1,00,000 டாலர் வரை இழப்பீட்டுக்கு வழி செய்தது. இந்தியாவில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சத்யம் இன்ஃபோவே தன் ‘சிஃபி’ என்ற பெயருக்காகத் தொடுத்த வழக்கில் 2004 மே மாதம் உச்ச நீதிமன்றம் டொமைன் பெயருக்கும் வணிகமுத்திரைக்குரிய பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது. அந்தச் ‘சிஃபி’ தீர்ப்புதான் இன்றுவரை இங்கே அடித்தளம்.

2024-ல் டெல்லியைச் சேர்ந்த ஓர் இளைஞர் ஜியோவும் ஹாட்ஸ்டாரும் இணையப் போவதை முன்கூட்டியே ஊகித்து இரண்டு பெயரையும் சேர்த்த டாட் காமைப் பதிவு செய்து வைத்திருந்தார். கேம்பிரிட்ஜில் படிக்கும் செலவைக் கேட்டு அந்தத் தளத்திலேயே ரிலையன்ஸுக்குக் கடிதம் எழுதினார். கிடைக்கவில்லை. பெயர் துபாயிலுள்ள வேறு இருவர் கைக்குப் போய், அவர்கள் அதை இலவசமாகவே தரத் தயார் என்றார்கள். பிறர் பெயரில் கட்டிய பேரத்தில் அடிமாட்டு விலை என்று ஒன்று இல்லை. என்ன கொடுத்தாலும் அது கருணைதான்.

ஆனால் பொதுச்சொற்களை நேர்மையாக வைத்திருப்பவரை மிரட்டுவதும் நடக்கிறது. முதலில் சொற்ப விலைக்குக் கேட்பது, கிடைக்காவிட்டால் 1,500 டாலர் கட்டணம் கட்டி உலக அறிவுசார் சொத்து அமைப்பில் யூ.டி.ஆர்.பி. புகார் கொடுப்பது. இப்படிப்பட்ட புகார்களை நடுவர்கள் டொமைன் பறிப்பு முயற்சி என்று கண்டித்த தீர்ப்புகள் ஏராளம். கண்டனத்தோடு சரி, அபராதம் விதிக்க அவர்களுக்கு அதிகாரமில்லை. இதனால்தான் ஆள் தெரியாத கடிதத்துக்கு எழுதும் பதில், நாளை நடுவர் மேசையில் படிக்கப்பட்டாலும் தலைகுனிவு வராத மாதிரி இருக்க வேண்டும். கேட்டதற்கு விலை சொன்னது மட்டுமே பொதுச்சொல் டொமைன்காரருக்குக் குற்றமாகாது என்பதை நடுவர்கள் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். திமிராக எழுதிய வரிகளும் கேலியும்தான் காட்டிக்கொடுக்கும்.

குறைந்த விலைக்குக் கேட்பவரைவிட அளவுக்கு மீறிக் கேட்பவரிடம்தான் உண்மையில் பயப்பட வேண்டும் என்பதையும் இடையில் சொல்லிவிடுகிறேன். சாதாரணப் பெயருக்கு இருபதாயிரம் டாலர் தருகிறேன், ஆனால் இன்ன தளத்தில் மதிப்பீட்டுச் சான்றிதழ் வாங்கி வா என்று கடிதம் வந்தால், அந்தத் தளமும் பெரும்பாலும் கடிதம் எழுதியவருடையதே. சான்றிதழ்க் கட்டணம் கட்டியதும் ஆள் மறைந்துவிடுவார்.

பொறுத்தவர் பெற்ற கதைகளைச் சொல்லாமல் இந்தத் துறையில் யாரும் பேச்சை முடிப்பதில்லை. பிசினஸ்.காம் 1997-ல் ஒன்றரை லட்சம் டாலருக்கு விற்றது. 1999-ல் அதே பெயர் 75 லட்சம் டாலருக்குப் போனது. டெஸ்லா.காமை வாங்கப் பத்தாண்டுக்கு மேலும் 1 கோடியே 10 லட்சம் டாலரும் ஆனதாக ஈலான் மஸ்க்கே 2018-ல் எழுதினார். அந்தப் பெயர் கைக்கு வரும்வரை நிறுவனம் டெஸ்லாமோட்டார்ஸ் என்ற முகவரியில் கார் விற்றுக்கொண்டிருந்தது. மெய்தான். ஆனால் நூறு டாலரை மறுத்து, பத்தாண்டு புதுப்பித்து, கடைசியில் கைவிட்ட பெயர்களின் கதையை யாரும் எழுதுவதில்லை. 2015-ல் சீன முதலீட்டாளர்கள் நான்கெழுத்து டாட் காம்களை வாங்கிக் குவித்து விலை எகிறியபோது, இன்னும் ஏறும் என்று மறுத்தவர்கள் பலர். அடுத்த ஆண்டே விலை வேகமாக இறங்கியது. மறுப்பதற்குத் துணிவு வேண்டும் என்கிறார்கள். புதுப்பிப்புக் கட்டணம் கட்டக் கையில் பணம் வேண்டும் என்பதே சரியான வாசகம். அடுத்த மாதத் தவணைக்காக விற்பவருக்கு எந்த உத்தியும் கைகொடுக்காது.

ஆகவே மூன்று கட்சிகளில் என் வாக்கு மூன்றாவதற்கு, ஒரு திருத்தத்தோடு: எல்லாருக்கும் மரியாதையாகப் பதில் எழுதலாம், ஆனால் ஒரே பதிலை எழுதக் கூடாது. பெயர் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை புதுப்பிப்புக் கட்டணம் கட்டுவதற்கு முன் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் பயன்படுத்துபவருக்குச் சொல்லும் விலை, அவரிடம் இறங்கக்கூடிய கடைசி விலை, மறுவிற்பனைக்காரருக்குத் தரக்கூடிய விலை என்று மூன்று எண்களை எழுதுங்கள். மூன்றில் ஒன்றைக்கூட எழுத முடியாத பெயரைப் புதுப்பிக்க வேண்டாம்.